இதயம் பதறுகிறது, காரணம் இதயத்தில் இல்லை

மாணவர்களே, தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போயிருக்கிறீர்களா? அடிவாரத்திலிருந்து மலைமேல் இருக்கும் பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்கு 513 படிகள். பாதிப் படி ஏறியதும் சற்று நின்று, கழுத்தின் பக்கவாட்டில் இரண்டு விரல்களை வைத்துப் பாருங்கள். நாடி தடதடவென்று ஓடும். நெற்றியில் வியர்வை வழியும். மூச்சு வாங்கும். மேலே போய் ஐந்து நிமிடம் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் எல்லாம் மெல்ல அடங்கிவிடும். இது ஆரோக்கியமான இதயம் செய்யும் வேலை.

இப்போது இன்னொரு காட்சியை நினைத்துப் பாருங்கள். நீங்கள் ஒரு படிகூட ஏறவில்லை. வகுப்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். திடீரென்று நெஞ்சு படபடக்கிறது. தலை வெடித்துவிடுவது போல் வலிக்கிறது. சட்டை நனையும் அளவுக்கு வியர்க்கிறது. முகம் வெளிறிப்போகிறது. கால் மணி நேரத்தில் எல்லாம் தானாகவே நின்றுவிடுகிறது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே கதை.

"பரீட்சைப் பயமாக இருக்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வதுதான் சரி. ஆனால் மிக அரிதாக, வயிற்றின் பின்பக்கத்தில், சிறுநீரகத்தின் மேல் ஒளிந்திருக்கும் ஒரு சிறு கட்டி இந்த வேலையைச் செய்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் இதயமே பழுதாகிவிடும். கண்டுபிடித்து அகற்றினால் பழுதான இதயம் பெரும்பாலும் தேறிவிடும். இதய நோய்களில் இப்படி மீண்டு வரக்கூடியவை குறைவு. அதனால்தான் இந்தக் கட்டியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிறுநீரகத்தின் மேல் ஒரு தொப்பி

உயிரியல் பாடத்தில் 'கெலென்ஜார் அட்ரினல்' என்று படித்திருப்பீர்கள். தமிழில் அதை அட்ரினல் சுரப்பி என்றும் அண்ணீரகச் சுரப்பி என்றும் சொல்கிறோம். இரண்டு சிறுநீரகங்களின் உச்சியிலும் தொப்பி வைத்ததுபோல் ஒவ்வொன்று இருக்கிறது. ஒரு சுரப்பியின் எடை 4 முதல் 5 கிராம். நம் 20 சென் நாணயம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான்.

மங்குஸ்தீன் பழத்தை நறுக்கினால் வெளியே தடித்த தோலும் உள்ளே வெள்ளைச் சுளையும் தெரியும் அல்லவா? அட்ரினல் சுரப்பியும் அப்படித்தான். வெளிப்பகுதிக்குப் புறணி என்று பெயர். அது கார்டிசோல், ஆல்டோஸ்டெரோன் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. உள்பகுதிக்கு அகணி என்று பெயர். அது அட்ரினலின், நோரட்ரினலின் என்ற இரண்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது.

தெருநாய் துரத்தும்போது உங்களை ஓட வைப்பது அகணிதான். மூளை ஆபத்தை உணர்ந்ததும் நரம்பு வழியாக அகணிக்குச் செய்தி போகிறது. அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாகவும் பலமாகவும் துடிக்கிறது. கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது. நாய் போனதும் செய்தி நிற்கிறது, சுரப்பதும் நிற்கிறது. இரத்தத்தில் மிச்சமிருக்கும் அட்ரினலினைச் சில நிமிடங்களில் உடல் சிதைத்துவிடுகிறது.

1894ஆம் ஆண்டு லண்டனில் ஜார்ஜ் ஆலிவர், எட்வர்ட் ஷேஃபர் என்ற இருவர், இந்தச் சுரப்பியின் சாற்றை விலங்குகளுக்குச் செலுத்தினால் இரத்த அழுத்தம் மளமளவென்று ஏறுவதைக் காட்டினார்கள். சில ஆண்டுகளில், அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகாமினே அந்தப் பொருளைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார்.

ஆரோக்கியமான அகணி ஒரு நல்ல தண்ணீர்க் குழாய் போன்றது. திறந்தால் வரும், மூடினால் நிற்கும். அந்த அகணியில் ஒரு கட்டி வளர்ந்து, அது மூளையின் பேச்சைக் கேட்காமல் தன் இஷ்டத்துக்கு ஹார்மோனைக் கொட்டினால் என்ன ஆகும்? அந்தக் கட்டியின் பெயர் ஃபியோகுரோமோசைட்டோமா. பெயர் நீளமானது, பொருள் எளியது. கிரேக்க மொழியில் 'ஃபையோஸ்' என்றால் மங்கிய, 'குரோமா' என்றால் நிறம். குரோமிய உப்பு பட்டால் இந்தக் கட்டியின் செல்கள் பழுப்பாக மாறும். அதனால் லுட்விக் பிக் என்ற ஜெர்மன் நோயியலாளர் 1912இல் இப்படிப் பெயர் வைத்தார்.

மின்னா ரோலின் கதை

பெயர் வைப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நோய் இருந்தது. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் மின்னா ரோல் என்ற பெண் வாழ்ந்தாள். வயது 18. உங்களில் சிலரைவிட ஓரிரு வயதுதான் மூத்தவள். அவளுக்குத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கும், தலைவலி வரும், பதற்றம் பிடிக்கும், முகம் வெளிறிப்போகும். மருத்துவர்கள் அவளைப் பரிசோதித்தார்கள். காரணம் புலப்படவில்லை. அவள் இறந்துபோனாள். பிரேதப் பரிசோதனையில்தான் அவளுடைய இரண்டு அட்ரினல் சுரப்பிகளிலும் கட்டிகள் இருந்தது தெரிந்தது. மருத்துவர் ஃபெலிக்ஸ் ஃப்ரெங்கெல் 1886இல் அவளுடைய நிலையை விரிவாக எழுதி வெளியிட்டார். இந்த நோயைப் பற்றிய முதல் முழுமையான மருத்துவக் குறிப்பு அது.

கதை அங்கே முடியவில்லை. 120 ஆண்டுகளுக்குப் பிறகு ஆய்வாளர்கள் மின்னாவின் குடும்ப வழியில் வந்தவர்களைத் தேடிப் பிடித்தார்கள். அவர்களில் சிலருடைய மரபணுவைச் சோதித்தபோது, 'ரெட்' என்ற மரபணுவில் ஒரு பிழை இருந்தது தெரியவந்தது. 2007இல் இந்த முடிவு வெளியானது. அந்தப் பிழை அட்ரினல் கட்டிகளையும் தைராய்டு புற்றுநோயையும் உண்டாக்கக்கூடியது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகக்கூடியது. மின்னாவைப் பலிகொண்டது எது என்பதற்கு இப்படித்தான் விடை கிடைத்தது.

இன்று இந்தக் கட்டி வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பரம்பரை மரபணுப் பிழை இருப்பது தெரியும். எனவே ஒருவருக்கு நோய் உறுதியானால், மருத்துவர்கள் அவருடைய குடும்பத்தைப் பற்றியும் விசாரிப்பார்கள். அண்ணனுக்குக் கண்டுபிடித்தது தங்கையின் உயிரைக் காப்பாற்றலாம்.

இதயத்துக்கு என்னதான் நடக்கிறது?

அட்ரினலினும் நோரட்ரினலினும் இரத்தத்தில் ஓடினாலும், அவற்றுக்கு வேலை செய்ய ஓர் இடம் வேண்டும். செல்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் என்ற புரதங்கள் இருக்கின்றன. ஹார்மோன் சாவி என்றால் ஏற்பி பூட்டு. இதயத்தில் இருப்பவை பெரும்பாலும் பீட்டா ஏற்பிகள். அவற்றில் சாவி நுழைந்தால் துடிப்பு வேகமாகும், பலமாகும். இரத்தக்குழாய்களின் சுவரில் ஆல்ஃபா ஏற்பிகள் நிறைய உண்டு. அவற்றில் சாவி நுழைந்தால் குழாய் சுருங்கும்.

தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, அதே நேரத்தில் தண்ணீரையும் முழுவேகத்தில் திறந்துவிட்டால் குழாய் விம்மும் அல்லவா? கட்டி ஹார்மோனைக் கொட்டும்போது உடலில் நடப்பது அதுதான். 120/80 இருக்க வேண்டிய இரத்த அழுத்தம் மேல் எண்ணிக்கையில் 200ஐயும் தாண்டிவிடலாம்.

இதனால் இதயத்துக்குப் பல வழிகளில் சேதம் வருகிறது.

முதலாவது, சுமை. உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்துத் தினமும் இரத்தத்தைத் தள்ளவேண்டியிருப்பதால், இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்துப்போகிறது. எடை தூக்குகிறவரின் கைத்தசை தடிப்பது அழகு. இதயத்தின் சுவர் இப்படித் தடிப்பது ஆபத்து. தடித்த சுவர் விறைத்துப்போகிறது. இரத்தம் நிரம்புவதற்கு எளிதில் விரிந்துகொடுக்காது.

இரண்டாவது, பட்டினி. இதயத்துக்கே இரத்தம் கொண்டுபோகும் குழாய்களும் சுருங்கிவிடலாம். வேலையோ இரட்டிப்பு, ஆக்ஸிஜனோ குறைவு. நோயாளி மாரடைப்பு வந்தவர் போலவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வருவார். இதயக் குழாய்களைப் படம் எடுத்துப் பார்த்தால் அடைப்பு எதுவும் இருக்காது.

மூன்றாவது, நஞ்சு. இதயத்தசை சுருங்குவதற்குச் செல்லுக்குள் கால்சியம் நுழைய வேண்டும். அளவோடு நுழைந்தால் துடிப்பு. ஹார்மோன் வெள்ளத்தில் கால்சியம் அளவுக்கு மீறி நுழைந்தால் செல்லே சாகிறது. செத்த இடங்களில் நார்த்திசு தழும்புபோல் படிகிறது. தழும்பு துடிக்காது.

நான்காவது, தாளம் தப்புதல். இதயத்தின் மின்னோட்ட ஒழுங்கு குலைந்து, துடிப்பு தாறுமாறாகலாம். சில நேரங்களில் உயிரைப் பறிப்பது இதுதான்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள், கடும் அதிர்ச்சிக்கு ஆளானவர்களின் இதயம் அடிப்பகுதியில் பலூன்போல் உப்பி, கழுத்துப்பகுதியில் குறுகி இருப்பதைப் பற்றி எழுதினார்கள். ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கும் மண்பானையின் வடிவம் அது. அந்தப் பானையின் பெயர் 'தாகோட்சுபோ'. நோய்க்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. திடீர்த் துக்கத்தில் பாய்ந்து வரும் ஹார்மோன் செய்யும் அதே காரியத்தை, துக்கமே இல்லாதபோது அட்ரினல் கட்டியும் செய்யும். அதனால் இப்படிப்பட்ட இதயத்தைக் கண்டால், அட்ரினலில் கட்டி உண்டா என்றும் மருத்துவர்கள் யோசிப்பார்கள்.

சிங்கப்பூரில் பாடம் நடத்திய ஜேம்ஸ் பிளாக்

பூட்டும் சாவியும் என்ற கதையில் நம் வட்டாரத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. மலாயாவில் அந்தக் காலத்தில் மருத்துவம் படிக்க விரும்பியவர்கள் சிங்கப்பூரிலிருந்த ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரிக்குத்தான் போவார்கள். பினாங்கிலிருந்தும் போனார்கள். அந்தக் கல்லூரியில் 1947 முதல் 1950 வரை ஸ்காட்லாந்துக்காரரான ஓர் இளம் விரிவுரையாளர் உடலியங்கியல் கற்பித்தார். படிப்புக்காக வாங்கிய கடனை அடைக்கவே அவர் இவ்வளவு தூரம் வேலைக்கு வந்தார். அவர் பெயர் ஜேம்ஸ் பிளாக்.

அதே காலத்தில், 1948இல், அமெரிக்காவில் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் என்பவர் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை ஏற்பிகள் இருக்க வேண்டும் என்று எழுதினார். அப்போது அதைப் பலர் ஏற்கவில்லை. பிளாக் பின்னாளில் அந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டார். இதயக் குழாய் அடைபட்டவர்களுக்கு ஆக்ஸிஜனை அதிகமாக்க எல்லாரும் முயன்றபோது, அவர் வேறுவிதமாகக் கேட்டார்: இதயத்தின் ஆக்ஸிஜன் தேவையையே குறைத்தால் என்ன? பீட்டா பூட்டில் சாவி நுழையாதபடி இன்னொரு பொருளால் அடைத்துவிட்டால் இதயம் நிதானமாகும் அல்லவா? அப்படிப் பிறந்ததுதான் 1960களில் வந்த புரோப்ரனோலால் என்ற மாத்திரை. 'பீட்டா தடுப்பான்' என்று அழைக்கப்படும் மருந்துகளின் முன்னோடி அது. 1988இல் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

முதலில் எந்த மருந்து?

இங்கே உங்கள் அறிவுக்கு ஒரு சோதனை. அட்ரினல் கட்டி உள்ள ஒருவருக்கு இதயம் படபடக்கிறது. பீட்டா தடுப்பான் படபடப்பைக் குறைக்கும். அப்படியானால் உடனே அதைக் கொடுத்துவிடலாமா?

கூடாது. ஏன் என்று பார்ப்போம். பீட்டா ஏற்பிகளில் ஒரு வகை இதயத்தில் இருக்கிறது. இன்னொரு வகை, தசைகளுக்குப் போகும் இரத்தக்குழாய்களில் இருந்து அவற்றை விரியச் செய்கிறது. பீட்டா பூட்டுகளை மட்டும் அடைத்தால் குழாய்களை விரியச் செய்யும் வழி மூடிவிடும். சுருங்கச் செய்யும் ஆல்ஃபா பூட்டுகளோ திறந்தே கிடக்கும். கட்டியிலிருந்து வரும் ஹார்மோன் முழுவதும் அங்கே வேலையைக் காட்டும். இரத்த அழுத்தம் குறைவதற்குப் பதிலாக எகிறும். அதை எதிர்த்துத் தள்ள வேண்டிய இதயமோ மருந்தால் தளர்ந்திருக்கும். உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

எனவே முதலில் ஆல்ஃபா பூட்டை அடைக்க வேண்டும். பொதுவாக அறுவை சிகிச்சைக்கு 7 முதல் 14 நாட்களுக்கு முன்பே டாக்ஸசோசின், ஃபினாக்ஸிபென்ஸமின் போன்ற ஆல்ஃபா தடுப்பானைத் தொடங்குகிறார்கள். குழாய்கள் விரிகின்றன. அந்த இடத்தை நிரப்ப, உப்பும் தண்ணீரும் கூடுதலாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இரத்த அழுத்த நோயாளியிடம் மருத்துவர் உப்பைக் கூட்டச் சொல்வது விந்தையாகத் தோன்றும். காரணம் தெரிந்தால் விந்தை இல்லை. அதன் பிறகும் இதயம் வேகமாகத் துடித்தால்தான் பீட்டா தடுப்பான். நல்ல மருந்துகூட வரிசை தவறினால் கெடுதல் செய்யும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. அடுத்தவர் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான்.

இதயம் தேறுமா?

1926இல் சுவிட்சர்லாந்தில் செசார் ரூ என்பவரும், அமெரிக்காவில் சார்ல்ஸ் மாயோ என்பவரும் இந்தக் கட்டியை வெற்றிகரமாக அகற்றினார்கள். உள்ளே இருப்பது என்ன கட்டி என்பது வயிற்றைத் திறக்கும்வரை மாயோவுக்குத் தெரியாது. கட்டியைத் தொட்டு அழுத்தினாலே ஹார்மோன் பீய்ச்சியடிக்கும். ஆகவே முற்காலத்தில் அறுவை மேசையிலேயே பலர் இறந்தார்கள். இன்று முன்கூட்டியே மருந்து கொடுத்துத் தயார் செய்கிறார்கள். 1992 முதல் வயிற்றில் சிறு துளைகள் மட்டும் இட்டு, கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே கட்டியை எடுக்கும் முறையும் வந்துவிட்டது.

கட்டி போன பிறகு இதயம் என்ன ஆகிறது? இந்தியாவின் லக்னோ நகரில் சஞ்சய் காந்தி முதுகலை மருத்துவ அறிவியல் கழகம் இருக்கிறது. அங்குள்ள அறுவை மருத்துவர்களும் இதய மருத்துவர்களும் சேர்ந்து இதே கேள்வியை ஆராய்ந்தார்கள். கட்டி உள்ளவர்களின் இதயத்தை அறுவைக்கு முன்பும் பின்பும் ஒலியலைப் படம் எடுத்து ஒப்பிட்டார்கள். 2011இல் வெளியான அவர்களுடைய ஆய்வு, கட்டியால் குன்றிய இதயச் செயல்பாடு அறுவைக்குப் பிறகு சீரடைவதைக் காட்டியது. தாங்கமுடியாத சுமையை இறக்கி வைத்ததும் இதயம் மூச்சு விடுகிறது என்று சொல்லலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. தழும்பாகிவிட்ட தசை திரும்ப வராது. ஆகவே எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

கண்டுபிடிப்பது எப்படி? அட்ரினலின் சிதைந்தால் மெட்டாநெஃப்ரின் என்ற பொருள் உண்டாகிறது. அதை இரத்தத்திலோ சிறுநீரிலோ அளக்கலாம். கட்டி சில நேரம் சுரக்கும், சில நேரம் சும்மா இருக்கும். அதனால் ஒரு முழு நாள், 24 மணி நேரமும் கழிக்கும் சிறுநீரை ஒரு பெரிய பாட்டிலில் சேர்த்துக் கொண்டுவரச் சொல்வதுண்டு. கேட்பதற்குக் கூச்சமாக இருக்கலாம்; தப்பிக்கப் பார்க்கும் திருடனை ஒரு நாள் முழுக்க வாசலில் நின்று கண்காணிப்பது போன்றது அது. அளவு கூடியிருந்தால், கட்டி எங்கே இருக்கிறது என்று சிடி அல்லது எம்ஆர்ஐ படம் எடுத்துத் தேடுவார்கள்.

உப்பைப் பிடித்துவைக்கும் கட்டி

இதுவரை சொன்னது அகணியில் வரும் கட்டி. அது மிக அரிது. பத்து இலட்சம் பேர் இருக்கும் ஊரில் ஆண்டுக்கு ஒருசிலருக்குத்தான் வரும். சுரப்பியின் புறணியில் வரும் ஒரு கட்டி அவ்வளவு அரிதல்ல. நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் அது இருக்கலாம்.

அந்தக் கட்டி சுரப்பது ஆல்டோஸ்டெரோன். சிறுநீரகத்திடம் "உப்பை வெளியே விடாதே, பொட்டாசியத்தை வெளியே தள்ளு" என்று சொல்வது இந்த ஹார்மோனின் வேலை. அளவு மீறினால் உடலில் உப்பும் நீரும் தேங்கி இரத்த அழுத்தம் ஏறும். பொட்டாசியம் குறைந்தால் தசை தளரும். இதயத்தின் தாளம் தப்பும். இந்த ஹார்மோன் இதயத்தசையில் நார்த்திசு படிவதையும் தூண்டுகிறது. அதனால் ஒரே அளவு இரத்த அழுத்தம் உள்ள இருவரில், ஆல்டோஸ்டெரோன் மிகுந்தவருக்கு இதயச் சேதமும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு அதிகம். அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் 1955இல் இதை முதன்முதலில் விவரித்தார். இதற்குக் கான் நோய் என்ற பெயரும் உண்டு.

2019இல் நாடு முழுவதும் நடந்த தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் பத்தில் மூவருக்கு உயர் இரத்த அழுத்தம். உயர் இரத்த அழுத்தம் உள்ள நூறு பேரை எடுத்துக்கொண்டால், ஐந்து முதல் பத்துப் பேருக்கு ஆல்டோஸ்டெரோன் மிகுதியே காரணமாக இருக்கலாம் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அவர்களில் சிலருக்கு ஒரு சுரப்பியில் கட்டி இருக்கும். அதை அகற்றலாம். மற்றவர்களுக்கு இரண்டு சுரப்பிகளுமே அதிகமாகச் சுரக்கும். அவர்களுக்கு ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை உதவும். இதைத் தெரிந்துகொள்ளத் தொடக்கமாக ஓர் இரத்தப் பரிசோதனை போதும்.

இந்தக் கட்டி ஏன் வருகிறது என்ற ஆராய்ச்சியில் நம் நாட்டு விஞ்ஞானி ஒருவருக்கு முக்கியப் பங்கு உண்டு. மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலெனா ஆயிஷா அஸிஸான், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மோரிஸ் பிரவுன் குழுவோடு ஆய்வு செய்தார். 2013இல் வெளியான கட்டுரையில் அவர்தான் முதல் ஆசிரியர். கட்டியின் செல்களில் இரண்டு மரபணுக்களில் பிழை இருப்பதை அவர்கள் கண்டார்கள். ஒன்று, கால்சியம் நுழையும் வாயிலுக்கானது. மற்றொன்று, சோடியம்-பொட்டாசியம் பம்புக்கானது. ஆம், செல் சவ்வுப் பாடத்தில் நீங்கள் படம் வரைந்து பெயர் குறிக்கும் அதே பம்புதான்! அதில் ஓர் எழுத்துப் பிழை வந்தால், செல் ஓயாமல் ஆல்டோஸ்டெரோன் சுரக்கத் தொடங்குகிறது. இப்படிப்பட்ட கட்டிகள் மிகச் சிறியவையாக இருப்பதால் சாதாரணப் படங்களில் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

புறணியில் இன்னொரு வகைக் கட்டி கார்டிசோலை அளவுக்கு மீறிச் சுரக்கும். முகம் வட்டமாகும், வயிற்றில் கொழுப்பு சேரும், இரத்தச் சர்க்கரையும் அழுத்தமும் ஏறும். அதுவும் கடைசியில் இதயத்தைத்தான் பதம் பார்க்கும்.

நீங்கள் செய்யக்கூடியது

இதைப் படித்துவிட்டு, "எனக்கும் நேற்று நெஞ்சு படபடத்ததே!" என்று பயப்பட வேண்டாம். தேர்வு அறைக்குள் நுழையும்போதும், மேடையில் பேச எழும்போதும் படபடப்பது இயல்பு. தூக்கமின்மையும் அளவுக்கு மீறிய காப்பியும்கூட அதைச் செய்யும்.

ஆனால் சில அடையாளங்களை அலட்சியம் செய்யாதீர்கள். காரணமே இல்லாமல் தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து, விட்டு விட்டு வந்தால் பெற்றோரிடம் சொல்லுங்கள். அந்த நேரத்தில் இரத்த அழுத்தத்தை அளந்து எழுதி வைத்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. இளம் வயதிலேயே இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தாலும், மூன்று வகை மருந்து சாப்பிட்டும் குறையாவிட்டாலும், இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தாலும், குடும்பத்தில் யாருக்காவது அட்ரினல் கட்டி இருந்திருந்தாலும், "இதற்கு வேறு காரணம் இருக்குமா, டாக்டர்?" என்று கேட்பதில் தவறில்லை. மரியாதையாகக் கேட்கும் கேள்வியை நல்ல மருத்துவர் வரவேற்பார். அதோடு, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை யாரும் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது.

மின்னாவின் காலத்தில் இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியே வழக்கத்தில் இல்லை. இன்று அது அரசாங்க கிளினிக்கிலும் மருந்துக் கடையிலும் இருக்கிறது. பல வீடுகளில் அலமாரியில் தூங்குகிறது. இந்த வாரம் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ அழுத்தம் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு எண்களையும் தேதி போட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

அடுத்த முறை தண்ணீர்மலைக்குப் போகும்போது உங்கள் நாடியையும் மூன்று முறை எண்ணுங்கள்: அடிவாரத்தில் ஒன்று, உச்சியில் ஒன்று, ஐந்து நிமிட ஓய்வுக்குப் பின் ஒன்று. மூன்றாவது எண் இறங்கி வந்திருக்கும். ஆரோக்கியமான இதயம் ஓய்வில் அடங்குவது இப்படித்தான். அந்த மூன்று எண்களையும் உங்கள் உயிரியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். மீதிப் பாடத்தை அவர் அங்கிருந்து தொடங்கட்டும்.